இடது இறக்கையில் தண்ணீர்

எடைத் தட்டு பொய் சொல்லாது என்றார் ரெங்கராஜ் சார். அப்படியென்றால் பொய் சொல்வது நான் என்று அர்த்தம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

விமானத்தின் இரண்டு சக்கரங்களுக்கும் வாலுக்கும் அடியில் தனித்தனியாகத் தட்டுகளை வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தோம். வலது சக்கரத்தைவிட இடது சக்கரம் நன்றாகவே கூட்டிக் காட்டியது. கீழ் இறக்கைக்குள் யாரோ ஒரு பை அரிசியை ஒளித்துவைத்த மாதிரி. ரெங்கராஜ் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எண் மாறவில்லை.

"ஏன் அம்மிணி, எடது பக்கம் டோப்பை அள்ளி ஊத்தீட்டீங்களா?"

"ரெண்டு பக்கமும் ஒரே பூச்சுதான் சார். நீங்க பக்கத்துலயே நின்னு பாத்தீங்களே?"

"நின்னனுங். ஆனா தட்டு வேற சொல்லுதுங்களே."

டோப் என்பது ஒருவகை வார்னிஷ். இறக்கையின் மரச் சட்டத்தின்மேல் லினன் துணியைப் போர்த்தித் தைத்து, அதன்மேல் டோப்பைப் பூசினால் துணி காய்ந்து மத்தளத் தோல் போல இறுகும். இந்த விமானத்தின் துணி வேலை முழுக்க என் பொறுப்பு. அதிகமாகப் பூசினால் கனக்கும் என்று எனக்குத் தெரியாதா? பயணிகள் விமானங்களின் இருக்கைகளுக்கு உறை தைத்துத் தைத்து அலுத்துப்போய், கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலைக்கு வந்தவள் நான். சுபிஷா என்றால் துபாய் அல் குசைஸ் பட்டறையில் வாய்க்குத்தான் பேர்போனவள், ஆனால் என் கைவேலையை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

விமானம் கல்ஃபானுடையது. அவர் ராஸ் அல் கைமாக்காரர், ஓய்வுபெற்ற விமானி. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் கப்பல்களிலிருந்து பறந்த இரட்டை இறக்கைச் சண்டை விமானங்கள் என்றால் அவருக்குப் பைத்தியம். அப்படி ஒன்றைச் செய்து, தானே ஓட்டி, கடல்மேல் ஒரு சுற்று வந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்தியக் கடற்படையில் விமானங்களைப் பராமரித்து ஓய்வுபெற்ற ரெங்கராஜ் சாரைப் பிடித்தார். சார் அந்தக் காலத்து விமானங்கள் நாலைந்தின் படங்களைப் பார்த்து இதைப் புதிதாக வரைந்தார். குட்டை உடம்பு, தூக்கிய மார்பு, அகட்டி வைத்த கால். முதல் முறை பார்த்ததும் நான் கோழி என்று சொல்லிவிட்டேன். சாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, கல்ஃபான்கூட 'கோளி' என்றுதான் சொல்வார்.

தேநீர் வேளையில் சாரிடம் மாட்டினால் தப்ப முடியாது. முதலில் தரை விமானங்களையே கப்பலில் ஏற்றினார்களாம். ஓடுகிற கப்பலின் மேல்தளத்தில் இறங்கும்போது காற்று புரட்டிக் கடலில் தள்ளியது. நிறுத்துவதற்குத் தளத்தின் நீளவாக்கில் கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள், அது சரிப்படாமல் பிறகு குறுக்கே கட்டினார்கள். சில நேரம் ஆட்கள் ஓடிவந்து இறக்கையைக் கையாலேயே பிடித்து நிறுத்தினார்களாம். விமானி கீழே நன்றாகப் பார்க்கும்படி மூக்கைக் குட்டையாக்கினார்கள். கப்பலின் லிஃப்டில் அடங்கும்படி இறக்கையைக் கழற்றவோ மடக்கவோ வழி செய்தார்கள். கடலில் விழுந்தாலும் கொஞ்ச நேரமாவது மிதக்கட்டும் என்று உள்ளே காற்றுப் பைகளை வைத்தார்கள். இதையெல்லாம் சார் சொல்லும்போது அவர் முகம் இருபது வயது குறைந்துவிடும்.

அந்தக் காற்றுப் பைகளைச் செய்யத்தான் ஜெபகனி அண்ணன் வந்தான். எங்கள் கரைக்காரன். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், ஃபைபர் வள்ளம் கட்டவும் தெரியும். அவன் மனைவி ஜினி மைனி ருவைஸில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து மைனி இங்கே, அண்ணன் அங்கே. மைனிக்குக் கம்பெனி கொடுத்திருப்பது பெண்கள் விடுதியில் ஒரு கட்டில், அவள் விசாவில் அவனைச் சேர்க்க வழியில்லை. அவனாக ஒரு விசா வாங்கி வந்தால்தான் உண்டு. நான்தான் சாரிடம் நச்சரித்து இவனைச் சேர்த்துவிட்டேன். ப்ரொபேஷனில் வந்தான். கோழி பறந்த பிறகு வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சார் சொல்ல வேண்டும்.

வந்ததிலிருந்து வார லீவில் இவன் துபாயிலிருந்து பஸ் ஏறுவான், மைனி ருவைஸிலிருந்து ஏறுவாள். அபுதாபி பஸ் ஸ்டாண்டில் சந்திப்பார்கள். எதிரே ஒரு ஓட்டலில் சாப்பிடுவார்கள், கடற்கரையில் நடப்பார்கள், சாயங்காலம் ஆளுக்கொரு பஸ். "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன். "ஒனக்குத் தெரியாது மக்கா. ஃபோனுல பேசுகப்ப அவ சிரிக்கியாளா, சிரிக்கது மாதிரி பேசுகாளான்னு எனக்குத் தெரியாது. நேருல தெரியும்" என்றான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

குசைஸ் பட்டறையில் பாகங்களைச் செய்து, லாரியில் ஏற்றி, ராஸ் அல் கைமாவில் கல்ஃபானின் ஓடுதளத்துக் கொட்டகையில் வைத்து ஒன்றாக இணைத்தோம். பறப்பதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்து, கல்ஃபான் பாதி ஊரை அழைத்துவிட்டார். அந்த வாரம் பார்த்து ஒரு மணல் காற்று அடித்தது. கோழி பழுப்பு நிறமானது. எங்கள் உதவியாள் பொன்னுச்சாமி குழாயைப் பிடித்து நன்றாகக் கழுவிவிட்டான். ராமநாதபுரத்துக்காரன், தண்ணீர் இருக்கிற இடத்தில் அவனுக்குக் கை நிற்காது. கழுவிக் காய்ந்த பிறகுதான் இந்த எடை பார்க்கும் கூத்து.

"மேல் பூச்சைச் சுரண்டித்தான் ஆகோணும். வெள்ளிக்கெழமை நடக்காதுங்" என்று சொல்லிவிட்டு, கல்ஃபானுக்குப் போன் செய்ய சார் வெளியே போனார்.

நான் விடுவேனா? இடது கீழ் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். விரலால் தட்டினேன். முன்பக்கம் 'டொம் டொம்' என்றது. பின் ஓரத்தில் தட்டினால் 'தப்' என்றது. உள்ளங்கையை வைத்தேன், சில்லென்றிருந்தது. உள்ளே தண்ணீர். கழுவும்போது மேலே இணைப்புகளின் சந்தில் இறங்கியிருக்கிறது. இறங்கட்டும், இறங்கினால் வெளியே போக வேண்டுமே. துணி இறக்கையின் அடியில், பின் ஓரமாக, வரிசையாகச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்போம். தண்ணீர் வடிவதற்கென்றே வளையம் ஒட்டி நானே போட்ட ஓட்டைகள் அவை. தேடினேன், ஒன்றுகூட இல்லை.

நகத்தால் தடவிப் பார்த்தபோது பிடிபட்டது. ஒவ்வொரு வளையத்தின் மேலும் வட்டமாக ஒரு ஒட்டு. ஓரம் பிரிந்துவராதபடி பல்பல்லாக வெட்டி, டோப் பூசி, வெள்ளிச் சாயமும் அடித்திருந்தது. அவ்வளவு நேர்த்தி. சார் ஓட்டைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு, கடைசிச் சாயம் அடிக்கும் முன்பு யாரோ இதைச் செய்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கரையேற்றி வைத்திருக்கும் அடுத்தவன் வள்ளத்தில் ஓட்டை கண்ணில் பட்டால், வாயைத் திறக்கக் கூடாது. உன் வள்ளத்தில் ஓட்டை என்று ஒருவனிடம் சொல்வது அவன் கடலுக்குப் போகும்போது சாபம் கொடுப்பதற்குச் சமம். பார்த்தவன் பேசாமல் அடைத்துவிட்டுப் போய்விட வேண்டும். வள்ளத்துக்காரன் யார் அடைத்தது என்று கேட்க மாட்டான். அடைத்தவன் சொல்லவும் மாட்டான், எத்தனை அடைத்தோம் என்று நினைவில் வைத்துக்கொள்ளவும் மாட்டான். என் அப்பாவின் வள்ளத்தில் யார் வைத்ததென்று தெரியாத ஒட்டுகள் ஏராளம். அதெல்லாம் எங்களுக்குச் சாதாரணம்.

ஜெபகனி அண்ணன் கொட்டகை வாசலில் காற்றுப் பைக்கான வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணா, எறக்கைல நீ ஏதும் அடச்சியா?"

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. அதைக் கேட்கவே கூடாது என்பதுதானே வழக்கம்.

"நீ சொன்னாத்தான் ஆவும். உள்ள தண்ணி கெட்டிக் கெடக்கு. சார் எனக்க டோப்ப குத்தம் சொல்லுகாரு."

அப்போதுதான் நிமிர்ந்தான். 

"கடல்ல விழுந்தா மெதக்கணும்னு சார்தான சொன்னாரு? அடிப்பக்கம் பூரா வரிசையா இருந்துது. பாத்துட்டுச் சும்மா வர மனசு கேக்கல மக்கா. கல்ஃபான் போற வண்டில்லா."

"அது தண்ணி வடியதுக்கு நான் வச்ச வழியாக்கும், அண்ணா!"

"எனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அவன் பைகளைத்தானே செய்ய வந்தான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. இதைச் சாரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். விமான வேலையில் கேட்காமல் ஒரு திருகைத் திருகியவனைக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வாரமே ஊருக்கு டிக்கெட். மைனி மறுபடியும் ஃபோனில் சிரிக்க வேண்டியதுதான்.

"சார் வர்றதுக்குள்ள நான் தொறந்து விட்டிருகேன்" என்றேன். "தண்ணி வடிஞ்சா எடை சரியாவும். யாருக்கும் ஒண்ணும் தெரியாண்டாம்."

அவன் தலையாட்டினான். ஒரு வாளியும் ஊசியும் எடுத்துப் போனோம். முதல் ஒட்டைக் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் என் முகத்திலேயே பீய்ச்சியது. அண்ணன் வாளியைப் பிடித்தான். ஒன்று, அடுத்தது, அடுத்தது என்று வடிந்துகொண்டே வந்தது. எனக்கு மனம் லேசாகி, பொன்னுச்சாமியின் கைவண்ணத்தைப் பற்றிக் கேலிகூடப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

"வலது பக்கமும் இதே கதைதானா?"

"ஆமா. அங்கன கொறவு. வாலுலயும் ரெண்டோ மூணோ."

"வேற?"

 வாளியில் விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேற எங்கன அடச்ச?"

"நெனவில்ல மக்கா. நாம எண்ணுக வழக்கமுண்டா? வயித்துக்கடியில ஒரு குழா நீட்டிட்டு நின்னுது. சின்ன வாய். அதுலயும் பசை வச்சேன்னு நெனக்கேன்."

நான் ஊசியைக் கீழே வைத்தேன். அந்தக் குழாய் பெட்ரோல் தொட்டிக்குள் காற்றுப் போவதற்கு. அது அடைபட்டால் தரையில் கொஞ்ச நேரம் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. மேலே போன பிறகு பெட்ரோல் இறங்குவது நிற்கும், பிறகு இயந்திரம் நிற்கும். கல்ஃபான் கடல்மேல் இருப்பார். நான் அண்ணனிடம் இதைச் சொன்னேன். 

ஊர்ந்து போய்ப் பார்த்தோம். குழாயின் வாயில் பசை கட்டியாக இருந்தது. அவன் நகத்தால் அதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"இது கண்ணுல ஆப்பிட்டுது. ஆப்பிடாதது வேற உண்டோ என்னவோ" என்றேன்.

"அதான்" என்றான். "நீயும் நானும் ரெண்டு பேராத் தேடினாப் பத்தாது. படம் வரஞ்ச ஆளு தேடணும். நான் போயி சார்ட்ட சொல்லியேன்."

"சொன்னா ஒன்ன அனுப்பிருவாரு அண்ணா. மைனி..."

"ஜினிகிட்ட நான் சொல்லிக்கிடுகேன். அந்த மனுசன் செத்துட்டா அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

பசைக் கட்டியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அவன் வெளியே போனான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுதுகொண்டே அவன் பின்னால் போனேன்.

ரெங்கராஜ் சார் போனை வைத்துவிட்டு வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் கையை விரித்துக் காட்டினான்.  ஒரு மனிதனின் வண்டியில் ஓட்டை என்று சொல்வது அவனுக்கு எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும், சாருக்குத் தெரியாது. அவன் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். வழக்கத்தைப் பற்றி மட்டும் நான் சொன்னேன்.

சார் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஆளைக் கொல்லப் பாத்தியா? கேக்கோணும்னு தோணலையா? இதென்ன உங்க ஊரு படகா?" பொன்னுச்சாமி குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அண்ணன் தலைகுனிந்து நின்றான். சார் ஒருவழியாகக் கத்தி ஓய்ந்தார். பிறகு என்னிடம் திரும்பி, சம்பந்தமில்லாமல் கேட்டார்.

"அம்மிணி, காத்துப் பை, குட்டை மூக்கு, குறுக்குக் கம்பின்னு நான் கதை சொல்லுவனே, அதெல்லாம் எப்புடி வந்துச்சுங்?"

"கண்டுபிடிச்சாங்க."

"ஒண்ணும் சும்மா கண்டுபுடிக்கலைங். ஒருத்தன் தண்ணிக்குள்ள விழுந்து, நீந்திக் கரையேறி, நான் இப்புடிப் பண்ணித்தான் விழுந்தேன்னு வந்து சொன்னான். அடுத்த விமானத்துல அதைய மாத்துனாங்க. சொல்லாம இருந்திருந்தா இன்னிக்கும் விழுந்துட்டேதான் இருப்பாங்க." பிறகு அண்ணனைப் பார்த்தார். "நீ அடைச்சது தப்பு. பெரிய தப்பு. உன்னைய வெக்கறதா அனுப்பறதான்னு இப்ப நான் சொல்ல மாட்டேன், கோபத்துல இருக்கேன். முதல்ல வா. எல்லாத்தையும் நீயே திறக்கோணும். ஒவ்வொண்ணும் வாய்விட்டுச் சொல்லித் திறக்கோணும்."

வரைபடத்தைத் தரையில் விரித்தோம். சார் படத்தில் விரலை வைப்பார். அண்ணன் கோழிக்கு அடியில் போய்த் தேடி, திறந்து, சொல்ல வேண்டும். முதல் ஓட்டைக்கு அவன் குரல் எழும்பவே இல்லை.

"கேக்கலைங்" என்றார் சார்.

"இடது கீழ் இறக்கை. ஓட்டை. தொறந்தாச்சு."

"சத்தமா."

"ஓட்டை! தொறந்தாச்சு!"

பொன்னுச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். ஆனால் வலது இறக்கைக்குப் போவதற்குள் அண்ணனின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. கடலில் அலைச் சத்தத்துக்கு மேலே கூப்பிடுகிற குரல் அது. வாலில் ஒன்று, இயந்திர மூடிக்கு அடியில் ஒன்று, நாங்கள் இருவரும் தேடியிருந்தால் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம் என்கிற இடங்களிலெல்லாம் இருந்தது. வெயில் சாயும் நேரத்தில் மறுபடியும் எடை பார்த்தோம். இரண்டு சக்கரமும் ஒத்துவந்தன. சார் என்னிடம், "டோப்பு விசயம், மன்னிச்சுக்குங்" என்றார். நான் பெருந்தன்மையாக மன்னித்தேன், ஆனால் உடனே இல்லை.

கல்ஃபானிடம் சார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை பறப்பது மட்டும் மாறவில்லை. அண்ணனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவன் முடிவு செய்துகொண்டான். ஜினி மைனிக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வரும்போது பெரிய பெட்டியைக் காலியாக எடுத்துவரச் சொன்னான். நாட்டிலிருந்து வரும்போது மைனிக்கென்று கட்டிவந்த பாத்திரங்கள், மிக்ஸி, ஒரு நல்ல மெத்தை விரிப்பு எல்லாம் அவன் ரூமில் கிடந்தன. ஒன்றாக ஒரு வீடு எடுத்தால் வேண்டுமே என்று வைத்திருந்தவை. "நான் போயிட்டா இதெல்லாம் ரூமுல கெடந்து என்னத்துக்கு? அவ கொண்டு போட்டும்" என்றான்.

வெள்ளிக்கிழமை ஓடுதளத்தில் கூடாரம் போட்டு, பேரீச்சம்பழமும் காவா என்கிற அரபுக் காப்பியும் பரிமாறினார்கள். வெள்ளைக் கந்தூரா அங்கி போட்ட ஆண்கள், பட்டம் விடுகிற பிள்ளைகள், ஆளுக்கொரு போன். மைனி டியூட்டி முடித்துத் தூங்காமலே பஸ் ஏறி, பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். நீல நிறப் பெட்டி, அவள் பாதி உயரம். அதைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். "கவலப்படாத சுபிஷா. கொஞ்ச நாளாவது வாராவாரம் பாத்தோம்லா" என்றாள். அவள் சிரிக்கிறாளா, சிரிக்கிற மாதிரி பேசுகிறாளா என்று எனக்கே தெரிந்துவிட்டது.

கல்ஃபான் தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தார். ஏறும் முன் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராகக் கண்ணைப் பார்த்து, "குச் ஹை?" என்று கேட்டார். ஏதாவது இருக்கிறதா என்று. சார் இல்லை என்றார். நான் இல்லை என்றேன். பொன்னுச்சாமி சலாம் வைத்தான். அண்ணன் கடைசியில் நின்றான். அவன் கண் கல்ஃபான் மேல் இல்லை. விமானத்தின் வாலுக்கு அடியில் இருந்தது.

கூடாரத்தில் எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள். மைனி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். அண்ணன் அவளை ஒருதரம் பார்த்தான். பிறகு, கூடாரத்துக்கே கேட்கும்படி, அவனுக்குத் தெரிந்த இந்தியில் சொன்னான்.

"ஓட்டை இருக்கு சாப். வாலுக்கு அடியில. நான் வச்சது இல்ல. புதுசு."

ரெங்கராஜ் சாரின் முகம் போன போக்கு! கல்ஃபான் குனிந்து, மண்டியிட்டு, கடைசியில் புல்லில் படுத்தே பார்த்தார். இயந்திரத்தைச் சூடேற்ற வெளியே ஓட்டி வந்தபோது சக்கரத்தில் பட்டுத் தெறித்த கல் ஒன்று வால் துணியைக் கிழித்திருந்தது. விரல் நுழையும் அளவு. மேலே போனால் காற்று அதற்குள் விரலை விட்டுத் துணியை மொத்தமாக உரித்திருக்கும். அவர் எழுந்து கந்தூராக்காரர்களைப் பார்த்து, "கலாஸ், இப்போதைக்கு இவ்வளவுதான், இன்னொரு காவா குடியுங்கள்" என்று அரபியில் சொன்னார். சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போயேவிட்டார்.

நான் ஓடிப்போய் ஊசி, நூல், டோப் எல்லாம் எடுத்துவந்தேன். தைக்கும்போது அண்ணன் துணியை இழுத்துப் பிடித்தான். ஒட்டு வைத்து, பூசி, காய்வதற்கு மைனியின் துப்பட்டாவை வாங்கி வீசினோம். "இதுக்காகவா டியூட்டி முடிச்சு ஓடி வந்தேன்?" என்றாள் மைனி. இந்தத் தடவை உண்மையாகவே சிரித்தாள். காய்ந்ததும் சார் விரலால் தட்டிப் பார்த்தார். 'டொம்' என்றது.

கோழி பறந்தது. ஓடுதளத்தில் கொஞ்சம் தத்தித் தத்தி, நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று தரையை விட்டது. கடலுக்கு மேல் போனது, இரண்டு அடுக்கு இறக்கையிலும் வெயில் பட்டது. இயந்திரச் சத்தம் ஒருதரம்கூடத் தடுக்கவில்லை. நான் தைத்த துணியின் மேல் ஒரு மனிதர் உட்கார்ந்து வானத்தில் போகிறார் என்று நினைத்ததும் எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.  சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது கல்ஃபான் மூன்று தரம் குதிக்கவைத்துத்தான் நிறுத்தினார். கப்பலாக இருந்தால் கடலில் விழுந்திருப்பார் என்று நான் சொன்னேன். யாரும் என்னை அதட்டவில்லை.

கல்ஃபான் இறங்கி நேராக ஜெபகனி அண்ணனிடம் வந்தார். கை குலுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. விமானத்தைச் சுட்டிக்காட்டி, "அடுத்த தரமும் நீதான் கடைசியில் நிற்க வேண்டும்" என்று மட்டும் இந்தியில் சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குப் போனார். அண்ணனுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. அவன் ரெங்கராஜ் சாரைப் பார்த்தான். சார் சுவரோரம் நின்ற நீலப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் சிஸ்டர், இவ்வளவு பெரிய பெட்டி எதுக்குங்?"

மைனி தயங்கினாள். "சாமான் கொண்டு போக, சார். அவரு ஊருக்குப் போனா..."

"யாருங் ஊருக்குப் போறது? அடுத்த வாரம் ரெண்டாவது விமானத்துக்கு மரம் வருது. நான் தனியாளா இழைக்கறதா? அதைய அப்படியே எடுத்துட்டுப் போங்."

அண்ணன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். மைனி அவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவள் யோசிக்கவில்லை. நானும் வேறு பக்கம் திரும்பவில்லை, நன்றாகப் பார்த்தேன். ஆறு மாதமாகப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொண்டவர்களை ஒரு தடவையாவது இப்படிப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

சாயங்காலம் துபாயில் மைனியைப் பஸ் ஏற்றிவிட அண்ணனோடு நானும் போனேன். அபுதாபி பஸ்ஸின் டிரைவர் ஒரு பட்டான்காரர். சாமான் அறையைத் திறந்து, பெட்டியின் அளவைப் பார்த்து, இடுப்பை வளைத்து மூச்சைப் பிடித்துத் தூக்கினார். பெட்டி ஒரு கையிலேயே எழும்பிவிட்டது, அவர் பின்னால் தடுமாறினார்.

"உள்ளே ஒன்றுமே இல்லையே சிஸ்டர்?" என்றார்.

"இல்ல பாய்" என்றாள் ஜினி மைனி. "காலிதான்." சொல்லிவிட்டு, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, பஸ் திரும்பும்வரை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.